மேற்கோள் பகுப்பாய்வு மென்பொருளும் தமிழ் ஆய்வும்

ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களை நம்மில் பலர் புரட்டிப் பார்ப்பதில்லை. துணைநூற்பட்டியல் என்பது புள்ளிகளுக்காகச் செய்யும் கடமை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால், இன்று ஓர் ஆய்வாளரின் செல்வாக்கை அளக்கும்போது எண்ணப்படுவது அந்தப் பக்கங்கள்தாம். யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார் என்று கணக்கெடுப்பதே மேற்கோள் பகுப்பாய்வு. அதைக் கணினியில் செய்யும் மென்பொருள்களைப் பற்றியும், தமிழ் பயிலும் நமக்கு அவற்றால் விளையும் நன்மை தீமைகளைப் பற்றியும் இங்கே விளக்க விரும்புகிறேன்.

இந்தச் சிந்தனை புதியதன்று. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், நூலகப் பணிகளைக் கணித முறையில் அளக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டிலேயே முன்மொழிந்தார். அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். பழைய தீர்ப்புகளைப் பிந்தைய வழக்குகள் எப்படிச் சுட்டின என்று காட்டும் வழக்கறிஞர்களின் அட்டவணை ஒன்றே அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது. தமிழரான சுப்பையா அருணாசலம், இத்தகைய தரவுகளைக் கொண்டு இந்திய அறிவியல் ஆய்வின் நிலையைக் கணித்துக் காட்டினார்.

இன்று மாணவர்கள் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்களில் ஒன்று 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்'. பேராசிரியர் ஆன்-வில் ஹார்சிங் இதனை 2006இல் வெளியிட்டார். ஆசிரியர் பெயரையோ தலைப்பையோ உள்ளிட்டால், கூகல் ஸ்காலர் போன்ற தளங்களிலிருந்து தரவுகளைத் திரட்டி, எந்தக் கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது என்று பட்டியலிடும். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் உருவான 'வாஸ்வியூவர்', யாரை யாருடன் சேர்த்து மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வரைபடமாகவே காட்டிவிடும்.

இப்பட்டியல்களில் 'எச்-இன்டெக்ஸ்' என்னும் எண் அடிக்கடி தென்படும். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இதனை அறிமுகப்படுத்தினார். ஒருவரின் ஐந்து கட்டுரைகள் முறையே 10, 8, 4, 3, 1 மேற்கோள்களைப் பெற்றுள்ளன என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது மூன்று மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் மூன்றாவது உள்ளன. குறைந்தது நான்கு மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் நான்கு இல்லை. எனவே, அவருடைய எச்-இன்டெக்ஸ் 3. இன்னொருவர் ஒரே கட்டுரைக்கு 26 மேற்கோள்கள் பெற்று, மற்றவற்றுக்கு ஒன்றும் பெறாவிட்டால் அவருடைய எண் 1 மட்டுமே. இருவரின் மொத்த மேற்கோளும் 26தான் என்பது கவனிக்கத்தக்கது.

என் இறுதியாண்டு ஆய்வுக்காக மலேசியத் தமிழ் நாவல்களைப் பற்றி இம்மென்பொருளில் தேடினேன். ஆங்கிலக் கட்டுரைகள் சில வந்தன. நம் துறை மாணவர்கள் ஆண்டுதோறும் இரவல் வாங்கி, அட்டை கிழிந்துபோன தமிழ் நூல்கள் அதில் இல்லவே இல்லை. இருந்த ஓரிரண்டுக்கும் சுழியம். நான் கெலாங் பாத்தாவைச் சேர்ந்தவன். சிங்கப்பூருக்குச் செல்லும் இரண்டாம் இணைப்புப் பாலம் 1998இல் எங்கள் வட்டாரத்தில்தான் திறக்கப்பட்டது. அதன் டோல் சாவடி, தன் வழியே போகும் வண்டிகளை மட்டுமே எண்ணும். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் போகிறவர்கள் அதன் கணக்கில் வரமாட்டார்கள். மேற்கோள் மென்பொருளும் அப்படித்தான். கணினித் தரவுத்தளத்தில் ஏறாத நூல் அதற்குத் தெரியாது.

ஆகவே, நம் துறையின் பழைய ஆய்வேடுகள் இருபதை எடுத்து, அவற்றின் துணைநூற்பட்டியல்களைக் கையாலேயே எக்செலில் பதிந்தேன். மென்பொருள் சுழியம் காட்டிய நூல்கள் இங்கே மீண்டும் மீண்டும் வந்தன. மற்றொன்றும் தெரிந்தது. ஒரே நூல் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. தொல்காப்பியத்தை ரோமன் எழுத்தில் ஒருவர் 'எச்' சேர்த்து எழுதுகிறார். மற்றொருவர் சேர்க்காமல் எழுதுகிறார். மனிதக் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

நம் பெயர்களும் இப்படியே சிதறுகின்றன. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. 'ஏ/எல்', 'ஏ/பி' என்பதற்குப் பின் தந்தையின் பெயர்தான் வருகிறது. அதனைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டால் மகளின் கட்டுரை தந்தையின் பெயரில் போய்ச் சேரும். முதலெழுத்தை முன்னே போட்டு ஒரு கட்டுரை, முழுப்பெயரில் ஒரு கட்டுரை என்று எழுதினால் ஒரே ஆய்வாளர் இருவராகிவிடுவார். இருவருக்கும் பிரித்துக் கொடுத்த மேற்கோள், ஒருவருக்கும் உதவாமல் போகும். பதவி உயர்வுக்கும் ஆய்வு மானியத்துக்கும் இத்தகைய எண்களைப் பார்க்கும் காலத்தில் இது சிறிய இழப்பன்று.

இதற்கு வழி உண்டு. முதலாவது, உங்கள் பெயருக்கு ஒரே ரோமன் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுத்து, இறுதிவரை அதையே பயன்படுத்துங்கள். 2012இல் தொடங்கப்பட்ட 'ஆர்சிட்' என்னும் 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாகப் பெறலாம். இரண்டாவது, துணைநூற்பட்டியலை 'சோட்டேரோ' போன்ற இலவச மென்பொருளில் சேமித்து, ஒரே சீராக எழுதுங்கள். மூன்றாவதே முக்கியமானது. ஆங்கிலத்திலோ மலாயிலோ கட்டுரை எழுதும்போது, நீங்கள் உண்மையில் படித்துப் பயன்படுத்திய தமிழ் நூலைத் தவறாமல் குறிப்பிடுங்கள். 'வெளிநாட்டார் அறியாத நூல்' என்று நாமே விட்டுவிட்டால், அவர்கள் அறிவதற்கு வேறு வழி ஏது?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்த அதே 1966இல், தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டிப் பட்டியல் ஒன்றையும் வெளியிட்டார். பட்டியலில் இருந்தால்தான் ஒரு நூல் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று நம் ஒவ்வொருவரின் மடிக்கணினியிலும் அதற்கான கருவி இருக்கிறது. அடுத்த முறை ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது, நண்பர்களே, இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக அமருங்கள்.