சேரன் (பிறப்பு: 1960)

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவர். ‘மஹாகவி’ உருத்திரமூர்த்தியின் மகன். கவிதை வீட்டிலேயே புழங்கியது. ஆனால் தந்தை பாடிய ஊர் வேறு, மகனுக்கு வாய்த்த ஊர் வேறு. 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டது. முதல் தொகுப்பான ‘இரண்டாவது சூரிய உதயம்’ (1983) நூலின் தலைப்புக் கவிதையை அந்தத் தீயை நினைவில் வைத்தே வாசிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ‘சற்றர்டே ரிவ்யூ’ ஆங்கில இதழில் பணியாற்றினார். பின்னர் கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். புலம்பெயர்வு அவருக்கு ஆய்வுப்பொருள் மட்டுமல்ல, வாழ்க்கையும்தான்.

2009இல் ஈழப்போர் முடிந்த பின் வந்த தொகுப்பின் பெயர் ‘காடாற்று’. சுடலையில் தணல் ஆற்றி எலும்பு பொறுக்கும் சடங்கு அது. அந்தப் போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலில் இறந்த பலருக்கு அதுவும் கிட்டவில்லை.