பாராளுமன்றக் குழுக்களும் பலசரக்குக் கடைகளும்

கடை வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து நிற்கும் அன்றுதான் புதிய சட்டம் ஒன்று வந்திருப்பதே நம்மில் பலருக்குத் தெரிகிறது. அதன் பிறகு கடையடைப்பு, கண்டனக் கூட்டம், கலெக்டரிடம் மனு என்று அலைகிறோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நம் வியாபாரிகள் வியாபாரத்தை விட்டுவிட்டு ஷட்டரை இறக்கிய நாட்கள் கொஞ்சமல்ல. போராட்டம் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பல சட்டங்கள், நம் கடைக்கு வருவதற்கு வெகு நாட்களுக்கு முன்பே, டில்லியில் ஒரு குழுவின் மேஜைக்கு வந்து போகின்றன. அங்கே சில உறுப்பினர்கள் அவற்றை ஷரத்து ஷரத்தாகப் படிக்கிறார்கள். "கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுதி அனுப்பலாம்" என்று பத்திரிகைகளில் விளம்பரமும் வருகிறது. அந்த விளம்பரத்தை நம் கடைத்தெருவில் எத்தனை பேர் படிக்கிறார்கள்?

அந்தக் குழுக்கள் எவை, எப்படி வேலை செய்கின்றன, நமக்கு அவற்றால் என்ன ஆகும் என்பதை வியாபாரிகள் அறிந்துகொள்வது அவசியம்.

நிலைக்குழு என்றால் என்ன?

பாராளுமன்றம் என்றதும் டி.வி.யில் பார்க்கும் கூச்சலும் வெளிநடப்பும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் கணக்கைப் பார்ப்பதும், மசோதாவைப் பிரித்து மேய்வதும், அதிகாரிகளைக் கேள்வி கேட்பதும் பெரும்பாலும் குழுக்களில்தான் நடக்கின்றன. அரசின் செலவுக் கணக்கைச் சரிபார்க்கும் பொதுக் கணக்குக் குழு வெள்ளைக்காரர் காலத்தில், 1921-லேயே தோன்றியது. துறைவாரியான நிலைக்குழுக்கள் 1993 ஏப்ரலில் அமைக்கப்பட்டன. முதலில் 17 குழுக்கள். 2004-ல் 24 ஆக உயர்ந்தன. குழுவுக்கு 31 பேர். மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். மந்திரியாக இருப்பவர் இதில் உறுப்பினராக முடியாது.

கூட்டம் மூடிய அறையில் நடக்கும். டி.வி. காமிரா கிடையாது. அதனால் கட்சிக்காரர்கள் மேடைப் பேச்சை ஒதுக்கிவிட்டு விஷயத்தைப் பேச வழி இருக்கிறது. துறைச் செயலாளரை வரவழைத்துக் கேட்கலாம். சங்கங்களை அழைத்துச் சாட்சியம் வாங்கலாம். வெளியூர் சென்று நேரில் பார்க்கலாம். முடிவில் அறிக்கை தருவார்கள். உடன்படாத உறுப்பினர் தன் மாற்றுக் கருத்தை எழுதி அதோடு இணைக்கலாம்.

நமக்கு வேண்டிய குழுக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்நிய முதலீடு, மின்வணிகம் போன்றவை வணிகக் குழுவின் பார்வையில் வரும். வரி விஷயம் நிதிக் குழுவுக்கு. பருப்பு, எண்ணெய், இருப்பு வரம்பு, எடை அளவு ஆகியவை உணவு மற்றும் நுகர்வோர் விவகாரக் குழுவுக்கு. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் சுகாதாரக் குழுவுக்கு. சிறு தொழில் சம்பந்தப்பட்டவை தொழில் குழுவுக்கு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் துறை மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது நடைமுறை. அவ்வளவுதான். அப்படியானால் இதற்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கத் தோன்றும். நடந்ததைப் பார்ப்போம்.

2009-ல் நமக்காக வந்த அறிக்கை

சில்லறை வணிகத்தில் உள்நாட்டு, வெளிநாட்டு முதலீடு பற்றி வணிகத் துறை நிலைக்குழு ஆராய்ந்தது. குழுவின் தலைவர் முரளி மனோகர் ஜோஷி. 2009 ஜூனில் வந்த அதன் 90-ஆவது அறிக்கை, மளிகை, காய்கறி, பழம் ஆகிய சில்லறை வியாபாரத்தில் வெளிநாட்டுக் கம்பெனிகள் மட்டுமல்ல, உள்நாட்டுப் பெரும் கம்பெனிகளும் நுழையாதபடி முழுத் தடை விதிக்க வேண்டும் என்று சொன்னது. பெரிய நிறுவனங்கள் முதலில் விலையைக் குறைத்து வாடிக்கையாளரை இழுக்கும். பக்கத்துக் கடைகள் மூடிய பிறகு தாம் வைத்ததே விலை என்று ஆக்கிவிடும் என்பதும் அந்த அறிக்கையில் இருந்தது. நம் வியாபாரிகள் டீக்கடையில் உட்கார்ந்து பேசியதே பாராளுமன்ற ஆவணமாக அச்சேறியது.

அரசு அதை ஏற்றதா? இல்லை. 2012 செப்டம்பர் 14 அன்று பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய மந்திரிசபை அனுமதி தந்தது. செப்டம்பர் 20-ல் நாடு முழுவதும் கடையடைப்பு நடந்தது. டிசம்பர் 5-ல் மக்களவையில் இதை எதிர்த்து வந்த தீர்மானத்துக்கு ஆதரவாக 218 ஓட்டும் எதிராக 253 ஓட்டும் விழுந்தன. டிசம்பர் 7-ல் மாநிலங்களவையில் தமிழ்நாட்டு உறுப்பினர் மைத்ரேயன் கொண்டுவந்த தீர்மானமும் 109-க்கு 123 என்று தோற்றது.

அப்படியானால் 2009 அறிக்கை வீணா? அப்படிச் சொல்ல முடியாது. எதிர்த்துப் பேச வந்த எந்தக் கட்சிக்கும் பாராளுமன்றத்தின் முத்திரை பெற்ற ஓர் ஆவணம் கையில் இருந்தது. அனுமதி தந்த அரசும் நிபந்தனைகளைச் சேர்த்தே தந்தது. அதில் முக்கியமானது, கடை திறக்க விடுவதா வேண்டாமா என்பதை அந்தந்த மாநில அரசே முடிவு செய்யலாம் என்பது. அந்த வாசலைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாட்டில் அனுமதி இல்லை என்று அறிவித்தார். முழுக் கதவும் மூடவில்லை. ஆனால் தாழ்ப்பாள் நம் பக்கமும் ஒன்று இருந்தது.

குளிர்பானம் முதல் லைசென்ஸ் வரை

2003 ஆகஸ்டில், பாட்டில் குளிர்பானங்களில் பூச்சிமருந்து இருப்பதாக டில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்டது. உடனே கூட்டுக் குழு ஒன்று அமைந்தது. தலைவர் சரத் பவார். 2004 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கை அந்த ஆய்வு முடிவை உறுதி செய்தது. அதோடு நிற்கவில்லை. உணவுக்குப் பல சட்டம், பல அதிகாரி என்று இருப்பதை மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவர வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வந்தபோது அதன் காரண விளக்கத்திலேயே இந்தக் குழு குறிப்பிடப்பட்டது. 2011 ஆகஸ்ட் 5 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. பெட்டிக்கடைக்காரர் வரை பதிவுச் சான்றிதழுக்கு அலைந்தது அதன் பிறகுதான்.

குளிர்பான கம்பெனியைப் பற்றிய விசாரணைதானே என்று அன்று நாம் நினைத்திருக்கலாம். எட்டு ஆண்டு கழித்து அது நம் கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டும் தாளாக வந்து சேர்ந்தது. குழுவில் நடப்பது எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

குழுவுக்கே போகாத சட்டம்

மொத்த வியாபாரிகளுக்கு 2020 ஞாபகம் இருக்கும். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத் திருத்தம், மற்ற இரண்டு வேளாண் சட்டங்களோடு சேர்ந்து, 2020 செப்டம்பரில் நிறைவேறியது. வேளாண் மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டும் அனுப்பவில்லை. பருப்பு, எண்ணெய், வெங்காயம் போன்றவற்றுக்கு, விலை மிகவும் ஏறினாலொழிய இருப்பு வரம்பு இல்லை என்பது அந்தத் திருத்தத்தின் சாரம். விவசாயிகள் போராட்டத்துக்கு நடுவே 2021 ஜனவரி 12-ல் சுப்ரீம் கோர்ட் மூன்று சட்டங்களையும் நிறுத்தி வைத்தது. 2021 மார்ச்சில் உணவு நிலைக்குழுவின் அறிக்கையோ அத்தியாவசியப் பொருட்கள் திருத்தத்தை அப்படியே நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று சட்டங்களும் வாபஸ் ஆயின.

இதற்கிடையே 2021 ஜூலை 2-ல் பருப்புக்கு இருப்பு வரம்பு வந்தது. மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக்கு 5 டன். நாடெங்கும் வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஜூலை 19-ல் மொத்த வியாபாரியின் வரம்பு 500 டன்னாக உயர்த்தப்பட்டது. விலை நிலவரத்தையும் மண்டி நிலவரத்தையும் முன்கூட்டியே அறிந்தவர்களிடம் கேட்டிருந்தால், பதினேழு நாளில் திருத்தும் உத்தரவை முதலிலேயே சரியாகப் போட்டிருக்கலாம்.

கவலை தரும் செய்தி ஒன்றும் உண்டு. 2009 முதல் 2014 வரை இருந்த மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 2019 முதல் 2024 வரை இருந்த மக்களவையில் அது 16 சதவீதம். இது பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனம் தொகுத்த கணக்கு. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், "மசோதாவைக் குழுவுக்கு அனுப்புங்கள்" என்பது நம் சங்கங்களின் நிரந்தரக் கோரிக்கைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

அனுப்பினால் பலன் உண்டு என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சிறு தவறுக்கும் சிறை என்றிருந்த பல ஷரத்துக்களை மாற்றும் ஜன் விஸ்வாஸ் மசோதா 2022 டிசம்பரில் 31 பேர் கொண்ட கூட்டுக் குழுவுக்குப் போயிற்று. 2023-ல் நிறைவேறியபோது உணவுப் பாதுகாப்புச் சட்டம் உட்பட 42 சட்டங்களில் 183 ஷரத்துக்கள் மாறின. 2025 ஆகஸ்டில் இரண்டாவது மசோதா தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. நம் தராசையும் எடைக்கல்லையும் பற்றிய எடை அளவுச் சட்டமும் அதில் இருந்தது.

எழுதுவது எப்படி?

குழுவின் விளம்பரம் ஆங்கில, இந்திப் பத்திரிகைகளிலும் தமிழ்ப் பத்திரிகைகளிலும் வரும். நாள் குறைவாகவே இருக்கும். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம்தான். மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்பார்கள். தமிழில் எழுதி வைத்துக்கொண்டு ஊரில் உள்ள ஆடிட்டரிடமோ ஓய்வுபெற்ற ஆசிரியரிடமோ மொழிபெயர்த்துக்கொள்ளலாம். நேரில் வந்து பேச விரும்பினால் அதையும் மனுவிலேயே குறிப்பிட வேண்டும். அழைப்பதும் அழைக்காததும் குழுவின் முடிவு. இன்னொன்று: குழுவுக்குக் கொடுத்த மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும். அதை நோட்டீஸ் அடித்து வினியோகிக்கக் கூடாது.

"வணிகர்களின் வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது" என்று ஒரு பக்கம் எழுதுவதில் பயன் குறைவு. எந்த ஷரத்து, அது கடையில் என்ன செய்கிறது, அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் இரண்டு பக்கமே போதும். ஆவடியில் சம்பளத் தேதிக்குக் கணக்குத் தீர்க்கும் குடும்பங்களுக்கு நாம் மாதக் கடன் கொடுக்கிறோம். அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளிக்கு நூறு கிராம் எண்ணெயும் கால் கிலோ பருப்பும் கொடுக்கிறோம். பூந்தமல்லி கடைக்காரர் விடியற்காலையில் கோயம்பேடு போய்ச் சரக்கெடுத்து வருகிறார். டில்லியில் உட்கார்ந்திருக்கிற உறுப்பினருக்கு இதையெல்லாம் நாம் சொன்னால்தான் தெரியும். நம் தெருவில் எத்தனை கடை, எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு கடன் நிலுவை என்று சங்கமே கணக்கெடுத்து எழுதினால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

சட்டத்தோடு வேலை முடிவதில்லை. நம்மை அதிகம் படுத்துவது சட்டத்தைவிட அதன் கீழ் வரும் விதிகள்தான். அவை பாராளுமன்றத்தில் 30 நாள் வைக்கப்படும். விதி சட்டத்தை மீறிப் போகிறதா என்று பார்க்க இரு சபைகளிலும் சார்நிலைச் சட்டக் குழு இருக்கிறது. அதற்கும் எழுதலாம்.

நம் எம்.பி.க்களையும் விட்டுவிடக் கூடாது. அம்பத்தூர் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியைச் சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் தொகுதி. ஓட்டுக் கேட்க வரும்போது மாலை போடுகிறோம். வென்ற பிறகு, "ஐயா, தாங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள்?" என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் தவறில்லை. அவர் வேறு குழுவில் இருந்தாலும், நமக்கு வேண்டிய குழுவில் உள்ள தமிழ்நாட்டு உறுப்பினரிடம் சேர்த்துவைக்க அவரால் முடியும்.

இன்று நமக்கு எதிரே நிற்பது பெரிய கடை மட்டுமல்ல, வாடிக்கையாளர் கையில் இருக்கும் செல்போனும்தான். மின்வணிகம் பற்றி வணிகக் குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. பெரிய இணைய நிறுவனங்களின் போட்டி முறைகேடுகள் பற்றி நிதிக் குழு அதே ஆண்டு டிசம்பரில் தந்தது. இனியும் இப்படிப்பட்ட ஆய்வுகள் வரும். அந்த மேஜையில் பெரிய கம்பெனிகளின் மனு வழவழப்பான தாளில் வந்து கிடக்கும். பக்கத்தில் நம் மனுவும் இருக்க வேண்டும்.

அழுத பிள்ளைக்குத்தான் பால். ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் நிர்வாகிகளில் ஒருவரை இதற்கென்றே நியமிக்கட்டும். குழுக்களின் விளம்பரத்தைப் பார்த்து, கடைசித் தேதியை ஒரு நோட்டில் குறித்து, அடுத்த கூட்டத்தில் வாசிப்பது அவர் வேலை. வரவு செலவுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இதற்கும் ஒன்று வைப்போம்.