துணித் தெறி: வெட்டித் தள்ளும் துண்டுக்கும் ஒரு விலை உண்டு

2009இற்குப் பின்னர் வன்னிக்குத் திரும்பிய பல குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது ஒரு தையல் மெசின். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் அதை நம்பியே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஆனால் ஒரே ஊரில் பலர் ஒரே மாதிரிச் சட்டை தைக்கும்போது கூலி ஏறுவதில்லை. கடையில் தொங்கும் ஆயத்த ஆடையோடும் போட்டி போடவேண்டும். இந்த நிலையில் கூலியைச் சற்று உயர்த்தக்கூடியது முடிப்பு வேலைதான். அதில் முதலீடு குறைந்த ஒன்று, உடுப்புத் துணியாலேயே தெறியை மூடித் தைப்பது.

சேலைச் சட்டையின் முதுகுப் பக்கம், சிறுமிகளின் சட்டை, சாமத்தியச் சடங்கு உடுப்பு, கல்யாண உடுப்பு என்று இதற்கு இடம் நிறைய. கடைத் தெறியில் துணியின் நிறம் அப்படியே அமைவது அரிது. துணித் தெறிக்கு அந்தக் கவலை இல்லை.

எப்படிச் செய்வது?

கடையில் வாங்கும் வெற்றுத் தெறிக்கு இரண்டு பாகங்கள் உண்டு: மேலே குவிந்த மூடி, கீழே அடித்தட்டு. துணியை மூடிமேல் போர்த்தி, விளிம்பை உள்ளே மடித்து, அடித்தட்டை அழுத்தினால் துணி இறுகிவிடும். கையால் அழுத்தும் சிறு அச்சும் உண்டு, நெம்புகோல் வைத்த மெசினும் உண்டு. தெறியின் அளவை 'லைன்' கணக்கில் சொல்வார்கள். 40 லைன் ஓர் அங்குலம். 24 லைன் ஏறக்குறைய 15 மில்லிமீற்றர்.

அச்சு இல்லாதவர்கள் பழைய தட்டையான பிளாஸ்டிக் தெறியை வைத்தே செய்யலாம்.

1. புதுத் துணியை முதலில் நனைத்துக் காயவிடுங்கள். பிறகு சுருங்கினால் தெறி கோணலாகும்.

2. தெறியின் குறுக்களவைப்போல இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத் துணியை வட்டமாக வெட்டுங்கள். 15 மில்லிமீற்றர் தெறிக்கு 28 மில்லிமீற்றர் வட்டம் போதும். தடித்த துணிக்குச் சிறிது கூட்டுங்கள். மட்டையில் ஓர் அளவு வட்டம் வெட்டி வைத்தால் எல்லாம் ஒரே அளவாக வரும்.

3. விளிம்பிலிருந்து 3 மில்லிமீற்றர் உள்ளே, இரட்டை நூலால் சுற்றிவரச் சிறு ஓட்டுத் தையல் போடுங்கள். நடுவில் தெறியை வைத்து நூலை இழுத்தால் துணி பையைப்போலச் சுருங்கி மூடும். மடிப்புகளை விரலால் சமன் செய்து, இரண்டு மூன்று முறை குறுக்கே தைத்து முடிச்சிடுங்கள்.

4. பின்பக்கத்தை மறைக்க இன்னொரு சிறு துணி வட்டத்தை ஓரம் மடித்துத் தையுங்கள்.

5. உடுப்பில் தைக்கும்போது தெறிக்கும் துணிக்கும் இடையே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, அதை உருவியபின் நூலை நாலைந்து முறை சுற்றுங்கள். இந்தக் கழுத்து இல்லாவிட்டால் பூட்டும்போது துணி இழுபடும்.

மெல்லிய துணியில் உள்ளிருக்கும் தெறி தெரியும். அதற்கு அடியில் இன்னொரு துணித்துண்டு வையுங்கள். வெள்ளைத் துணிக்கு இரும்பு மூடி வேண்டாம், துருக்கறை ஏறும். கைக்குழந்தை உடுப்புக்கும் இந்தத் தெறி வேண்டாம். கழன்றால் குழந்தை வாயில் போட்டுவிடும்.

யாருக்கெல்லாம் உதவும்?

காலை இழந்து மிதி மெசினை இயக்க முடியாதவர்களும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் மடியில் ஒரு தட்டை வைத்து இந்த வேலையைச் செய்யலாம். வெட்டுவது ஒருவர், மூடுவது இன்னொருவர் என்று பங்கிடவும் முடியும்.

உடுப்பவர் பக்கமும் ஒன்று உண்டு. ஒரு கையை இழந்தவருக்குத் தெறி பூட்டுவது அன்றாடச் சிரமம். மறைவாக உள்ளே ஒட்டும் பட்டி வைத்து, வெளியே துணித் தெறியை அழகுக்கு மட்டும் தைத்தால், மற்றவரின் உதவியின்றி அவரே சட்டை போடலாம். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

ஒரு பழைய எச்சரிக்கை

இங்கிலாந்தின் டொர்செட் மாவட்டத்தில் 17ஆம் நூற்றாண்டில் தெறித் தொழில் வேரூன்றியது. ஆட்டுக்கொம்பு வட்டின்மேல் துணி போர்த்தி நூலால் தைத்தார்கள். பின்னர் உலோக வளையத்தில் நூல் சுற்றினார்கள். வீட்டிலிருந்தபடி செய்த பெண்களும் பிள்ளைகளும் ஏராளம். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் தெறி செய்யும் இயந்திரம் காட்சிக்கு வந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே கைத்தொழில் சரிந்தது. வறுமையில் வீழ்ந்த குடும்பங்கள் பல கடல் கடந்து போயின.

அவர்களின் கைத்திறன் குறைந்துவிடவில்லை. எல்லோருக்கும் விற்கக்கூடிய ஒரே மாதிரிப் பொருளைச் செய்ததால்தான் இயந்திரம் அவர்களை வென்றது. இன்றும் ஆயத்தத் துணித் தெறியைத் தொழிற்சாலை மலிவாகத் தரும். ஆனால் ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த சேலையின் கரைத் துண்டில் அதே பூ நடுவில் வரும்படி ஆறு தெறி செய்து கொடுக்க ஊர்த் தையற்காரியால்தான் முடியும். ஆகவே மொத்தமாகச் செய்து வியாபாரிக்குக் கொடுப்பதைவிட, தைக்கும் உடுப்போடு சேர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

விலையையும் இலவசமாக விட்டுவிடாதீர்கள். ஒரு டசின் மூட எவ்வளவு நேரம் ஆகிறது என்று மணிக்கூடு பார்த்துக் குறியுங்கள். அந்த நேரத்தில் தைத்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியோடு வெற்றுத் தெறி, நூல் விலையைச் சேருங்கள். துண்டில் 'தையற்கூலி' என்று ஒரு வரி, 'துணித் தெறி' என்று தனியே இன்னொரு வரி எழுதுங்கள். நல்லூர்த் திருவிழாவும் கல்யாண மாதங்களும் வருமுன் நாலைந்து துணியில் மாதிரி செய்து மட்டையில் தைத்து மெசினுக்கு அருகே தொங்கவிட்டால், கேட்பவர் கண்ணால் பார்த்தே தீர்மானிப்பார்.