பெரார்கஞ்சில் நீல வட்டம் ஏன் பெரிதாகிறது?

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயரின் கடைத்தெருவில் நின்று போனில் மேப்பைத் திறந்தால், நாம் நிற்கும் புள்ளியைச் சுற்றிச் சின்னதாக ஒரு நீல வட்டம் தெரியும். அந்தமான் டிரங்க் சாலையில் வடக்கே வந்து, பெரார்கஞ்சைத் தாண்டிக் காடு நெருங்கும் இடத்தில் பார்த்தால் அந்த வட்டம் பெருத்துவிடும். போன் பழுதாகவில்லை. 'இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள், அதற்குமேல் உறுதியாகத் தெரியாது' என்பதை அது நேர்மையாகச் சொல்கிறது.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்று தோன்றும். அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சிக்னல் நம்மை வந்து சேரும்போதே மிக மெலிந்திருக்கும். அடர்ந்த மரக்கூரையும் வீட்டுச் சுவரும் அதை இன்னும் குறைத்துவிடும். அப்போது போன் தரையிலுள்ள சிக்னல்களை நம்புகிறது.

முதலில் செல்போன் டவர். பெரும்பாலான டவர்களில் மூன்று திசைக்கு மூன்று ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண். எந்த எண் கேட்கிறது என்பதிலிருந்து திசை தெரியும். தூரத்தை நேரம் சொல்லும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். தொலைவிலுள்ள போனின் பேச்சு தாமதமாக வருவதால், 'இவ்வளவு முன்கூட்டியே அனுப்பு' என்று டவர் அதற்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையின் ஒரு படி 2ஜியில் ஏறக்குறைய 550 மீட்டர் தூரத்தைக் குறிக்கும், 4ஜியில் 78 மீட்டரை. நகரத்தில் பல டவர்கள் கேட்கும். அவற்றின் எல்லைகள் வெட்டிக்கொள்ளும் இடம் சிறியது. ஒன்றிரண்டு டவர் மட்டும் கேட்கும் கிராமத்தில் மிஞ்சுவது, தர்பூசணித் துண்டு போன்ற ஒரு பெரிய பரப்புதான்.

வைஃபை இதைவிடத் துல்லியமானது. வீட்டிலுள்ள ரவுட்டர் விநாடிக்குப் பத்து முறைபோல் தன் 48 பிட் முகவரியை அறிவித்தபடி இருக்கிறது. பாஸ்வேர்டு வேண்டாம், இணையவும் வேண்டாம், காதில் விழுந்தால் போதும். இந்த முகவரி எந்த இடத்தில் கேட்டது என்ற பட்டியல் ஏற்கெனவே கையில் இருந்தால் இடம் தெரிந்துவிடும். 2003-இல் தொடங்கிய ஸ்கைஹூக் நிறுவனம் தெருத்தெருவாகக் கார் ஓட்டி அப்படியொரு பட்டியலைச் சேர்த்தது. 2008 ஜனவரியில் ஐபோன் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. இப்போது அந்த வேலையை நம் போன்களே செய்கின்றன. வெட்டவெளியில் ஜிபிஎஸ் கிடைத்த போன், அங்கே கேட்ட ரவுட்டர்களைக் குறித்து அனுப்புகிறது. ஆகவே ஆள் நடமாட்டமும் ரவுட்டர்களும் குறைந்த இடத்தில் பட்டியலும் மெலிந்தே இருக்கும். பெரார்கஞ்சுக்கு அப்பால் வட்டம் பெருப்பதற்கு மலையும் காடும் மட்டும் காரணமல்ல.

சிக்னலின் வலுவை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாமே என்றால், சுவர், மரம், ஏன் மனித உடல்கூட அதை உறிஞ்சிவிடும். இதைச் சமாளிக்க மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் 2000-இல் வெளியிட்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. கட்டடத்தின் ஒவ்வோர் இடத்திலும் எந்த சிக்னல் எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்று முன்பே பதிவுசெய்துகொண்டு, பிறகு கேட்பதை அத்துடன் ஒப்பிட்டார்கள். பிழையின் இடைநிலை அளவு இரண்டு மூன்று மீட்டரில் நின்றது.

முகவரிப் பட்டியலை நம்பும்போது, ரவுட்டர் இடம் மாறினால்தான் குழப்பம். சென்னையிலிருந்து கப்பலில் வந்த வீட்டுச் சாமான்களோடு ரவுட்டரும் வந்திருந்தால், பட்டியல் திருந்தும்வரை பெரார்கஞ்சு வீட்டுக்குள் இருக்கும் போன் சென்னையைக் காட்டக்கூடும். பக்கத்தில் வேறு ரவுட்டர்கள் இருந்தால் அவை இந்தத் தவற்றைக் காட்டிக்கொடுக்கும். தனி வீட்டில் அந்த உதவியும் இல்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் தீவுகளில் வேகமான இணையம் சாத்தியமாயிற்று. வீட்டு ரவுட்டர்கள் பெருகப் பெருக மேப்பும் தெளிவடையும்.

அதுவரை, அந்தமான் டிரங்க் சாலையில் அவசரத்துக்கு 112-ஐ அழைத்தால், போன் இடத்தைச் சொல்லிவிடும் என்று விட்டுவிடாமல், அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையோ பாலத்தின் பெயரையோ முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.