உள்ளங்காலில் இருப்பது மருதானா?

உள்ளங்காலில் பட்டாணி அளவுக்குச் சிவப்பாக ஒரு சதை. வலி கிடையாது, செருப்பு உரசினால் கொஞ்சம் ரத்தம் கசியும். வீட்டில் ‘மரு’ என்பார்கள். மருந்துக்கடைக்காரர் ‘கால் ஆணி’ என்று ஒரு பிளாஸ்டரை நீட்டுவார். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அபூர்வமாக, அது வியர்வைக் குழாயிலிருந்து கிளம்பிய கட்டி. பெயர் போரோமா.

கண்ணுக்கு என்ன தெரியும்?

உள்ளங்காலில் ரோமமும் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. போரோமா அங்கே அதிகம் தென்படுவதில் வியப்பில்லை. தலை, மார்பு, முதுகிலும் வரலாம். மரு சொரசொரப்பாக, கரும்புள்ளிகளோடு இருக்கும். போரோமா மிருதுவானது, சில சமயம் அதைச் சுற்றி வாய்க்கால் வெட்டியதுபோல ஒரு பள்ளம் தெரியும்.

சாது குணம் மாறும்போது

போரோமா சாதுவான கட்டி. 1956-ல் முதலில் விவரிக்கப்பட்டது. ஆனால் ஆண்டுக்கணக்காகச் சும்மா கிடந்த கட்டி எப்போதாவது போரோகார்சினோமா என்னும் புற்றாக மாறுவதுண்டு. புதிதாகவே புற்றாக முளைப்பதும் உண்டு. அறுபதைத் தாண்டியவர்களிடமே அதிகம். பழைய கட்டி திடீரென வளர்வது, புண்ணாவது, தொடாமலே ரத்தம் வருவது, புதிதாக வலிப்பது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது: இவற்றில் எது வந்தாலும் தோல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

சதையைப் பார்த்தால்தான் தெரியும்

எவ்வளவு அனுபவம் இருந்தாலும் வெறும் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மடாஸ்கோப் சந்தேகத்தைக் கூட்டும், அல்லது குறைக்கும். தீர்ப்பு, சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில்தான். அதிலும் மேலாகச் சீவி எடுத்த துண்டு ஏமாற்றிவிடலாம். கட்டியின் அடிவிளிம்பு ஒழுங்காக நிற்கிறதா, தோலுக்குள் வேர் விட்டிருக்கிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி. அடிப்பகுதி இல்லாமல் நோய்க்குறியியல் மருத்துவர் என்ன சொல்வார்? செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, வியர்வைக் குழாயின் அடையாளம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். வேறு வகைத் தோல் புற்றோ, உடலின் வேறிடத்திலிருந்து பரவி வந்ததோ என்ற குழப்பம் இருந்தால் சிறப்புச் சாயப் பரிசோதனைகள் உதவும்.

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று பயாப்சிக்குப் பயப்படுபவர்கள் இன்னும் நிறையப் பேர். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது வீட்டிலேயே கட்டியில் வைக்கும் பிளேடுக்கும் ஆசிட்டுக்கும், சந்தேகமான கட்டியைச் சோதிக்காமலே சுட்டுவிடுவதற்கும்தான். சுட்டுவிட்டால் பரிசோதிக்க மிச்சம் எதுவும் இருக்காது.

அறிக்கை வந்த பிறகு

போரோமா என்றால் முழுதாக வெட்டி எடுத்தால் போதும். புற்று என்றால் சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து எடுத்து, நெறிகளையும் சோதித்து, சில ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். அபூர்வ நோய் என்பதால் இன்னொரு கருத்துக் கேட்பதில் தவறில்லை. வெட்டிய சதை ஆய்வகத்தில் மெழுகுக் கட்டியாகப் பாதுகாக்கப்படும். அதையும், சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கி, வேறு நிபுணரிடம் காட்டலாம்.