பனியூர்திகளில் இலித்தியத் தொடக்க மின்கலம்

பனியூர்தியின் (ஸ்னோமொபைல்) எஞ்சினை மின் மோட்டாரால் சுழற்றி இயக்குவதற்கு, வழக்கமான ஈய-அமில மின்கலத்துக்கு மாற்றாகப் பொருத்தப்படும் எடை குறைந்த மின்கலம் இலித்தியத் தொடக்க மின்கலம் எனப்படுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை இலித்தியம் இரும்பு பாசுப்பேட்டு வகையைச் சேர்ந்தவை. எடைக் குறைவு இவற்றின் முதன்மை நன்மை. கடுங்குளிரில் வலு குறைவதும், உறைநிலைக்குக் கீழே மின்னேற்றம் செய்தால் நிலையாகப் பழுதடைவதும் இவற்றின் முதன்மைக் குறைகள் ஆகும்.

பின்னணி

கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே, பனியில் ஓடும் ஊர்திகளை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர். 1934 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பனியால் சாலைகள் மூடிக்கிடந்தபோது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி அவருடைய இளம் மகன் இறந்தான். சிறிய ரகப் பனியூர்தியான ஸ்கீ-டூ 1959 இல் அவருடைய நிறுவனத்திலிருந்து விற்பனைக்கு வந்தது.

இலகுவான பனியூர்திகள் பலவற்றில் கயிற்றை இழுத்து எஞ்சினை இயக்கும் அமைப்பு உண்டு. மின் தொடக்கம் (பேச்சு வழக்கில் செல்ஃப் ஸ்டார்ட்) கை வலியைக் குறைத்தாலும் மோட்டார், கம்பிகள், மின்கலம் ஆகியவற்றின் எடையைக் கூட்டுகிறது. நான்கு வீச்சு எஞ்சின் கொண்ட பல ஊர்திகளில் இழுகயிறே இருப்பதில்லை. அவற்றில் எரிபொருள் எக்கியும் கட்டுப்பாட்டுக் கணினியும்கூட மின்கலத்தை நம்பியே உள்ளன. ஆள் நடமாட்டமற்ற பனிக்காட்டில் அத்தகைய ஊர்தியின் மின்கலம் ஓய்ந்துபோனால், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

எடையும் மின்னழுத்தமும்

பனியூர்திக்கான ஈய-அமில மின்கலம் ஏறத்தாழ 5 முதல் 7 கிலோகிராம் எடையுள்ளது. அதற்கு ஈடாக விற்கப்படும் இலித்திய மின்கலம் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிலோகிராம் மட்டுமே இருக்கும். ஆழமான தளர்பனியில் மலையேறும் ஊர்திகளில் இந்த வேறுபாடு பெரிதும் விரும்பப்படுகிறது.

இலித்தியம் இரும்பு பாசுப்பேட்டுக் கலம் ஒன்றின் மின்னழுத்தம் சுமார் 3.2 வோல்ட்டு. நான்கு கலங்களைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட்டு கிடைப்பதால், 12 வோல்ட்டு ஊர்தியில் இதனை நேரடியாகப் பொருத்த இயலும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது கொள்ளளவு. சில தயாரிப்புகளில் 'ஈயத்துக்கு ஈடான' ஆம்பியர்-மணி அளவே அச்சிடப்படுகிறது. உண்மையான கொள்ளளவு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கலாம். எஞ்சின் ஓடாதபோது கைப்பிடிச் சூடேற்றியோ விளக்கோ எரிந்துகொண்டிருந்தால் இருப்பு விரைவில் தீர்ந்துவிடும்.

குளிரில் நிகழ்வது

மின்கலத்தினுள் இலித்தியம் அயனிகள் கரிமக் கரைப்பானாலான மின்பகுளி வழியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கின்றன. குளிரில் இந்த மின்பகுளியின் பிசுக்குமை கூடுகிறது. முனைகளின் பரப்பில் நிகழும் வேதிவினையும் மந்தமாகிறது. இதனால் மின்கலத்தின் அகத்தடை உயர்கிறது. அதே வேளையில் எஞ்சின் எண்ணெயும் கெட்டியாகி, எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. அதாவது, தேவை கூடும் நேரத்தில்தான் மின்கலத்தின் திறன் குறைகிறது.

எடுத்துக்காட்டாக, ஓய்வில் 13.2 வோல்ட்டு காட்டும் மின்கலத்தின் அகத்தடை அறை வெப்பநிலையில் 10 மில்லி ஓம் எனக் கொள்வோம். தொடக்க மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தால் 1.5 வோல்ட்டு அகத்தே இழக்கப்பட்டு, 11.7 வோல்ட்டு எஞ்சும். குளிரில் அகத்தடை நான்கு மடங்காகி 40 மில்லி ஓம் ஆனால், அதே மின்னோட்டத்தில் இழப்பு 6 வோல்ட்டு, எஞ்சுவது 7.2 வோல்ட்டு. இவ்வளவு தாழ்ந்த மின்னழுத்தத்தில் கட்டுப்பாட்டுக் கணினி செயலிழக்கக்கூடும்.

ஆயினும் இழக்கப்படும் ஆற்றல் வீணாவதில்லை. அது மின்கலத்தையே சூடாக்குகிறது. மேற்கண்ட கணக்கில் அது 900 வாட்டு. 5 நொடிகளுக்கு இவ்வாறு சுழற்றினால் 2 கிலோகிராம் மின்கலத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியசு (°செ) உயரும். முதல் முயற்சியில் திணறும் இலித்திய மின்கலம், சிறு இடைவெளி விட்டுச் செய்யும் அடுத்தடுத்த முயற்சிகளில் வலுப்பெறுவது இதனால்தான். முகப்பு விளக்கைச் சில நிமிடங்கள் எரியவிட்டு மின்கலத்தை 'விழிக்கச் செய்யும்' வழக்கமும் உண்டு. ஆனால் 5 ஆம்பியர் அளவில் உண்டாகும் வெப்பம் 1 வாட்டு மட்டுமே என்பதால் அதன் பயன் சிறிது.

மின்னேற்றத்தின் ஆபத்து

மின்னிறக்கத்தைவிட மின்னேற்றமே குளிரில் கூடுதல் தீங்கு விளைவிக்கிறது. மின்னேற்றத்தின்போது இலித்தியம் அயனிகள் கிராஃபைட்டு முனையின் அடுக்குகளுக்குள் புக வேண்டும். 0 °செ-க்குக் கீழே இது மெதுவாகவே நடப்பதால், உள்ளே புக இயலாத அயனிகள் முனையின் மேற்பரப்பில் உலோக இலித்தியமாகப் படிகின்றன. படிந்ததில் ஒரு பகுதி மீண்டும் பயன்படாமல் போவதால் கொள்ளளவு நிலையாகக் குறைகிறது. ஊசி போல் வளரும் படிவுகள் உள்ளே குறுக்குச்சுற்றை ஏற்படுத்தவும் கூடும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது என்பதால் இது மேலும் ஆபத்தானது.

ஈய-அமில மின்கலத்துக்கு இச்சிக்கல் இல்லை. முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையில் அதன் அமிலக் கரைசல் −50 °செ வரை உறையாது. ஆனால் அது மின்னிறங்கிக் கிடந்தால் −10 °செ அருகிலேயே உறைந்து, உறை வெடிக்கலாம்.

பின்பற்ற வேண்டியவை

- இரவில் கடுங்குளிர் நிலவினால் மின்கலத்தைக் கழற்றி வீட்டினுள் வைத்து, காலையில் பொருத்தலாம். எடை குறைவு என்பதால் இது எளிது.
- மின்னேற்றியை 0 °செ-க்கு மேலேயே பயன்படுத்த வேண்டும். ஈய-அமில மின்கலத்துக்கான, கந்தகப் படிவு நீக்கும் முறை கொண்ட மின்னேற்றியைத் தவிர்க்க வேண்டும்.
- ஊர்தியின் மின்னேற்ற மின்னழுத்தம் 14.6 வோல்ட்டைத் தாண்டாதவாறு சோதிக்க வேண்டும்.
- தாழ் வெப்பநிலையில் மின்னேற்றத்தைத் தடுக்கும் மேலாண்மைச் சுற்று உள்ளதா எனப் பார்த்து வாங்க வேண்டும்.
- தொடக்க மோட்டாரை ஒரே மூச்சில் நீண்ட நேரம் இயக்காமல், இடையே ஆறவிட வேண்டும்.

மாற்று வழிகள்

இலித்தியம் டைட்டனேட்டு வகையில் கிராஃபைட்டு முனை இல்லாததால் உலோகப் படிவுச் சிக்கல் பெரிதும் நீங்குகிறது. உறைநிலைக்கு மிகக் கீழேயும் மின்னேற்றலாம். எனினும் அது விலை மிகுந்தது. அதே ஆற்றலுக்கு எடையும் கூடுதல். சில ஸ்கீ-டூ ஊர்திகளில் மின்கலத்துக்குப் பதில் மீமின்தேக்கி பயன்படுகிறது. நாளின் முதல் தொடக்கத்துக்குக் கயிற்றை இழுக்க வேண்டும். அதன்பின் ஓடும் எஞ்சினே மின்தேக்கியை நிரப்பி அடுத்த தொடக்கத்துக்கு உதவுகிறது.

இழுகயிறு உள்ள மலையேற்ற ஊர்திக்கு இலித்திய மின்கலம் நல்ல தேர்வாகும். இழுகயிறற்ற ஊர்தியை −30 °செ குளிரில் இரவு முழுதும் வெளியே நிறுத்துவோருக்கு நல்ல நிலையிலுள்ள ஈய-அமில மின்கலமே கூடுதல் பாதுகாப்பானது.