மொட்டை மாடித் தண்ணீர் யார் பொறுப்பு?

நம் வீட்டு மொட்டை மாடியில் விழும் மழைத் தண்ணீர் எங்கே போகிறது? தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கங்களில் பெரும்பாலும் பிவிசி குழாய் வழியாக நேரே தெருவுக்கு. தெருவிலிருந்து, பள்ளத்தில் வீடு கட்டியவரின் வாசலுக்கு.

ஃபிக்ஹ் நூல்களில் 'மீஸாப்' பற்றிய சட்டம் உண்டு. கூரைத் தண்ணீரை வீதியில் விழவைக்கும் தூம்பு அது. அதை வைக்கலாமா, அதனால் பிறருக்குச் சேதம் வந்தால் ஈடு கொடுப்பது யார் என்று இமாம்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மதரஸாவில் ஓதியபோது, இந்தக் காலத்தில் இதற்கு என்ன வேலை என்று நினைத்தோம். 2015 டிசம்பரில் புரிந்தது.

அந்த டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. பெய்தாலே சுமார் 930 லிட்டர். 49 செ.மீ.க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அவ்வளவு பெரிய மழையை எந்தத் தோட்டமும் தடுக்காது. ஆனால் இரண்டு செ.மீ. மழைக்கே தெரு குளமாகிறதே, அதற்கு வழி உண்டு. மழைத்தோட்டம் என்கிறார்கள். 1990களில் அமெரிக்காவின் மேரிலாந்தில் பரவிய முறை. சென்னை மாநகராட்சி பூங்காக்களில் அமைத்துள்ள 'ஸ்பாஞ்ச் பார்க்' இதற்கு உறவுதான்.

100 சதுர அடியில் முக்கால் அடிப் பள்ளம். மாடிக் குழாயை அதற்குள் திருப்ப வேண்டும். சுமார் 2000 லிட்டர் பிடிக்கும். அடி மண்ணில் மணலும் மக்கிய எருவும் கலந்து வெட்டிவேர், கல்வாழை போன்றவற்றை நடலாம். அஸ்திவாரத்திலிருந்து 10 அடி தள்ளி இருக்கட்டும். செப்டிக் டேங்க் அருகே வேண்டாம். முதலில் ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் வடியாவிட்டால் களிமண் அல்லது பாறை. வேறு இடம் பார்க்க வேண்டும்.

கொசு வராதா என்று கேட்பார்கள். கொசு முட்டையிட்டுப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். நல்ல மழைத்தோட்டம் இரண்டு நாளில் வடிந்துவிடும்.

2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழிகள் பல வீடுகளில் மூடிக்குக் கீழே வண்டல் அடைத்துக் கிடக்கின்றன. இது கண்ணெதிரே இருப்பதால் அடைத்தால் தெரிந்துவிடும்.

அரை கிரவுண்ட் மனையில் இதற்கு இடமிருக்காது. ஆகவேதான் ஜமாஅத் நிர்வாகிகளிடம் சொல்கிறோம். நம் பள்ளிவாசல் வளாகங்களில் மண்ணே தெரியாமல் சிமெண்ட் பூசி வைத்திருக்கிறோம், ஜும்ஆவுக்கு வரும் வண்டிகளுக்காக. ஒரு மூலையை உடைத்தால் போதும். கிழக்குத் தாம்பரத்தில் ஓடும் தண்ணீர் செம்பாக்கம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. தெருவின் எண்ணெயும் குப்பையும் கூடவே போகின்றன. மண்ணில் இறங்கும் தண்ணீர் அவற்றைச் சுமக்காது.

உளூச் செய்த தண்ணீரை மட்டும் இதில் விடாதீர்கள். தினமும் ஈரமாக இருந்தால் மழை வரும்போது உறிஞ்சாது. அதை வாழைக்குத் திருப்பலாம்.